விடியக்காலை வெள்ளை வில்

முப்பத்திரண்டு வருஷம் நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். வானவில் எப்படி உண்டாகிறது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஒரு துளி நீர், அதற்குள் நுழையும் ஒளி, உள்ளே முட்டித் திரும்பி வெளியே வரும்போது பிரியும் நிறங்கள். கண்ணை மூடிக்கொண்டே வரைவேன். அப்படிப்பட்ட நான், ஒரு வானவில்லைச் சொன்னதற்காக என் மனைவியை நாற்பது வருஷம் ஊர் சிரிக்க வைத்திருந்தேன். அந்தத் தப்பையும், போன தை மாதம் அதைச் சரிசெய்யப் போய் நான் பட்ட பாட்டையும் எழுதிவைக்கிறேன்.

அவள் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கல்யாணம் ஆகும்வரை ஏழெட்டு வருஷம் கொழுந்து பறித்தாள். நானும் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவன்தான். ஆனால் படித்து, ஆசிரியர் வேலை கிடைத்து, அட்டனுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் குவார்ட்டர்ஸில் குடியேறியதும் அது எனக்குச் சீக்கிரம் மறந்துபோயிற்று.

கல்யாணமான முதல் வருஷம். பௌர்ணமிக்கு விடும் போயா விடுமுறை நாள் ஒன்றில் பின்னேரம் எங்கள் அதிபரும் இரண்டு ஆசிரியர்களும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவள் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, எல்லோரோடும் நாற்காலியில் உட்கார்ந்து பேசினாள். அப்போதெல்லாம் நன்றாகப் பேசுவாள். வெளியே மழை விட்டு வானவில் தெரிந்தது. யாரோ அதைக் காட்டினார்கள். உடனே அவள், "எங்க தோட்டத்து அருவியில ராத்திரியில வரும்ங்க. நிலா வெளிச்சத்துல. வெள்ளையா, வில்லு மாதிரியே நிக்கும். நான் சின்னப் புள்ளையில பாத்திருக்கேன்" என்றாள்.

அதிபர் என்னைப் பார்த்தார். விஞ்ஞான ஆசிரியர் நான்தானே. எனக்கு மானம் போவதுபோல இருந்தது. "வெள்ளை வானவில்லா? ராத்திரியிலயா? எங்க வீட்டம்மாவுக்கு மட்டும் சூரியன் ஓவர்டைம் செய்யுது சேர்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தப் பகிடி எனக்குப் பிடித்துவிட்டது. வகுப்பில் வானவில் பாடம் வரும்போதெல்லாம், "சில வீடுகள்ல ராத்திரியிலயும் வானவில் வருமாம், தெரியுமா?" என்று சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பேன். எந்த வீடு என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு நாள் கடைத்தெருப் பேக்கரியில் பாண் வாங்க நின்றவளைப் பார்த்து ஒரு கூட்டம் "ராத்திரி வானவில் அம்மா!" என்று கத்திவிட்டு ஓடியிருக்கிறது. அவள் என்னிடம் சொல்லவில்லை. அதே கடையில் நின்ற இன்னொரு ஆசிரியர்தான் சொன்னார். நான் அதற்கும் சிரித்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் தேத்தண்ணீரை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். "அவ கூச்ச சுபாவம்" என்று நான் வந்தவர்களிடம் சொல்வேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாகத் தெரிந்தே சொன்னேன்.

போன வருஷம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க அட்டனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் ஒரு முஸ்லிம் மனிதர். என்னைவிட இருபது வயதாவது குறைந்தவர். ஆனாலும் எல்லோரையும் போல நானும் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தன் கம்பியூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். கறுத்த வானம், நட்சத்திரங்கள், ஓர் அருவி, அதன் காலடியில் ஏழு நிறத்தில் ஒரு வில்.

"நிலா வெளிச்சத்துல வாற வானவில்லாம் சேர். வெளிநாட்டுல எவனோ எடுத்திருக்கான். நீங்க சயன்ஸ் சேர்தானே, இது மெய்யா?"

"இல்ல" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. என்னுடைய கரும்பலகைப் படம் கண்முன்னே வந்தது. ஒரு துளி நீர். உள்ளே நுழையும் ஒளி. அந்த ஒளி சூரியனிலிருந்து நேரே வருகிறதா, நிலவில் பட்டு வருகிறதா என்று துளி கேட்குமா? என் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் விடை சொல்லியிருப்பேன். வீட்டில் ஒருத்தி கண்ணால் பார்த்ததைச் சொன்னபோது அந்த ஒரு நிமிஷத்தை நான் செலவழிக்கவில்லை.

"மெய்தான் நானா" என்றேன். 

அன்றே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வில்லைப் படம் எடுத்து, சட்டம் போட்டு, முன்னறையில் மாட்டி, அதைக் காட்டிக் கேட்பது என்று முடிவு செய்தேன். அப்படிச் செய்தால் அவள் பழையபடி நாலு பேர் முன்னால் உட்கார்ந்து பேசுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கப்போவதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அவள் சொன்னது சரிதானா என்று முதலில் நான் கண்ணால் பார்க்க விரும்பினேன். அந்த வயதிலும் அவள் வாய்ச்சொல் எனக்குப் போதவில்லை.

நானா தன் பழைய கமெரா ஒன்றையும் அதை நிறுத்தும் முக்காலியையும் சாக்கில் சுற்றி இரவல் தந்தார். ஒரு பின்னேரம் முழுக்கப் படிப்பித்தார்.

"முப்பது செக்கன் தொறந்து வைக்கணும் சேர். அதுவரைக்கும் கமெரா அசையப்படாது. கையால அமத்தாதீங்க, டைமர்ல விடுங்க. தூரத்துல ஒரு லைட்டைப் பாத்து ஃபோக்கஸ் பண்ணிட்டு, பெறகு அந்த வளையத்தத் தொடவே வேணாம்."

"தெரியும் நானா."

"தெரியும்னு சொல்றவங்கதான் சேர் தொடுறது."

ஐப்பசிப் போயா அன்று பின்னேரம், அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் ரோட்டிலிருந்து தெரியும் பெரிய அருவிக்குப் போனேன். மழை. கார்த்திகைப் போயாவுக்கும் போனேன். பனிமூட்டம் இறங்கி, அருவியே தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. இளஞ்சோளம் அவித்து விற்கும் ஒரு பெண் என் மேல் இரக்கப்பட்டு, "ஐயா, யாரையாவது தேடி வந்தீங்களா?" என்று கேட்டாள்.

மார்கழிப் போயா அன்று வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. அருவியில் நிறையத் தண்ணீர். முக்காலியை நிறுத்திக் காத்திருந்தேன். நிலா எழுந்தது. சரியாக அருவியின் தலைக்கு மேலே எழுந்து என் முகத்தில் அடித்தது. வானவில் தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் படிப்பித்த முதல் வரி அதுதான். பகலில் வந்து திசை பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. முந்திய இரண்டு முறையும் நிலாவே தெரியாததால் அகப்படாத முட்டாள்தனம் அன்று அகப்பட்டது.

வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலில் நின்றாள்.

"போயா அன்னைக்குச் சாராயக் கடை பூட்டு. கோயிலுக்குப் போனா நெத்தியில திருநீறு இருக்கணும். தோள்ல ஒரு சாக்கு மூட்டை வேற. மூணு போயாவா எங்கங்க போயிட்டு வர்றீங்க?"

சொல்லிவிட்டேன். "ராத்திரி வானவில்லைப் படம் எடுக்க."

அவள் என் தோளில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். பிறகு, "எந்த அருவிக்குப் போனீங்க?" என்றாள். சொன்னேன்.

"அங்க எதுக்குப் போனீங்க? நான் பாத்தது எங்க தோட்டத்துல இல்லையா?"

"எல்லா அருவியும் ஒண்ணுதானே. எத்தனை மணிக்குப் பாத்த நீ?"

"காமன் கூத்து விடிய விடிய ஆடி முடிஞ்சு, அப்பா தோள்ல உக்காந்து வீட்டுக்கு வர்றப்ப. சேவல் கூவறதுக்கு முந்தி. நிலா அந்தப் பக்கம் எறங்கிக்கிட்டு இருந்துச்சு."

விடியற்காலை. நிலா மேற்கே. அப்படியானால் மேற்குப் பார்த்த அருவி. அவள் சொன்ன ஒரே பதிலில் இடம், நேரம், திசை எல்லாம் இருந்தன.

"இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே. மொதல்ல சிரிச்சீங்க. சிரிச்சு முடிஞ்ச பெறகு கேப்பீங்கன்னு இருந்தேன்."

சாக்கு மூட்டையை இறக்கி வைக்காமலே நின்றுகொண்டிருந்தேன். அவள்தான் அதை வாங்கி உள்ளே வைத்தாள். "அடுத்த போயாவுக்கு நானும் வர்றேன். நீங்க தனியாப் போனா நிலாவையே தலைகீழாப் புடிச்சிட்டு வருவீங்க."

தைப் போயாவுக்கு முதல் நாள் தலவாக்கலையில் பஸ் மாறி அவள் பிறந்த தோட்டத்துக்குப் போனோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை சொன்னாள். இந்த மலையில் அட்டை அதிகம். இந்தப் பாலத்தில் அவள் சித்தி வழுக்கி விழுந்து, கூடையோடு உட்கார்ந்தபடியே சிரித்தாள். எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. பின் சீட்டில் இருந்த பெண் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டு வந்தாள். "அப்புறம் அந்தச் சித்தி எந்திரிச்சாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

இரவு அவள் தம்பி வீட்டில் தங்கினோம். மூன்று மணிக்கு என்னை எழுப்பினாள். தை மாதக் குளிர். நான் இரண்டு ஸ்வெட்டர், குரங்குத் தொப்பி, மேலே ஒரு கம்பளி. அவள் சால்வையைத் தலையைச் சுற்றிக் கட்டி, கையில் ஒரு பையோடு நின்றாள்.

அருவிக்குப் போகும் பாதை தொடங்கும் இடத்தில் முனியாண்டிக் கல் ஒன்று இருக்கிறது. அந்தத் தோட்டத்துக்காரர்கள் முனியாண்டியிடம் சொல்லாமல் இருட்டில் அதைத் தாண்டமாட்டார்கள். பையிலிருந்து எலுமிச்சம்பழம், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் எடுத்தாள். வேறொரு நாளாக இருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"காத்து அடிக்குது. குனிஞ்சு மறைச்சுக்கிட்டுக் கொளுத்துங்க" என்றாள். கொளுத்தினேன்.

கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே முகத்தில் டார்ச் வெளிச்சம் அடித்தது.

"அசைய வேணாம்! யாரு அது? எத்தனை பேரு?"

தோட்டத்தில் இரவுக் காவலுக்கு நிற்கும் வாச்சர். கையில் தடி. அவன் பார்வையில் நாங்கள் எப்படித் தெரிந்திருப்போம் என்பது பிறகுதான் புரிந்தது. புதையல் தோண்டுகிறவர்கள் போயா இரவில்தான் வருவார்கள், எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்துத்தான் தொடங்குவார்கள். என் தோளில் சாக்கில் சுற்றிய முக்காலி. முகத்தை மூடிய தொப்பி.

"அந்தச் சாக்குல என்ன, குழி தோண்டுற அலவாங்கா?"

"தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர்" என்றேன்.

"போன மாசம் புடிச்சவனும் ஏதோ ஆபீசர்னுதான் சொன்னான். மூட்டையை எறக்குங்க."

நான் இறக்கினேன். அவள் முன்னால் போனாள். "டார்ச்சைக் கீழ புடி தம்பி, கண்ணு கூசுது. நான் இந்தத் தோட்டத்துப் பொண்ணு. மேட்டு லயத்துல கடைசி வீடு. எந்தம்பி இப்பவும் ஃபெக்டரியில வேலை செய்றான். இவரு எங்க வீட்டுக்காரரு. புதையல் தோண்ட இவருக்கு இடுப்பு வளையாது."

"அப்ப என்னத்துக்கு இந்நேரத்துல?"

"அருவியில வெள்ளை வில்லு பாக்க."

வாச்சர் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "அட, அதுக்கா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா அக்கா? தண்ணி நெறய இருக்கு, இன்னைக்கு நல்லாத் தெரியும். மேல போயிறாதீங்க, பாறை வழுக்கும். பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்னாத்தான் சரியா வரும்."

"நீ பாத்திருக்கியா?" என்று நான் கேட்டேன்.

"என்ன ஐயா, ராத்திரி வேலைக்காரன் நான் பாக்காமயா? வானம் தெளிவா இருந்தா ஒவ்வொரு போயாவுக்கும் பாக்குறதுதானே" என்றான், பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

பாலத்தடிக்கு வந்தோம். நிலா எங்களுக்குப் பின்னால் தேயிலை மலைக்கு மேலே தாழ்ந்து நின்றது. எங்கள் நிழல்கள் நீளமாக முன்னால் விழுந்தன. அருவி விழும் இடத்தில் சாரல் புகைபோல எழும்பிக்கொண்டிருந்தது.

"தெரியுதா?" என்றாள்.

தெரியவில்லை. கண் பழகவில்லை. பிறகு காற்று கொஞ்சம் திரும்பியது. சாரல் விரிந்தது. அதற்குள், ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைவரை, பாலைத் தொட்டு விரலால் இழுத்ததுபோல ஒரு வெள்ளை வளைவு.

நான் ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன். "மெதுவா, மெதுவா" என்று அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. எழுபத்திரண்டு வயதில் குதித்தேன் என்று வாச்சர் பிற்பாடு அவள் தம்பியிடம் சொன்னானாம். நான் மறுக்கவில்லை.

முக்காலியை நிறுத்தினேன். முதல் படம் முப்பது செக்கன் ஓடிக்கொண்டிருக்கும்போது வாச்சர் உதவி செய்ய நினைத்து அருவிமேல் டார்ச் அடித்தான். "இருட்டா இருக்கே ஐயா, படம் எப்படி விழும்?" என்றான். படம் வெள்ளை வெளேரென்று விழுந்தது. இரண்டாவதில், தொடவே வேண்டாம் என்று நானா சொன்ன வளையத்தைத் தொட்டுவிட்டேன். மூன்றாவதில் லென்ஸில் சாரல்.

நான்காவதற்கு டைமரை விட்டுவிட்டு மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் சொன்னேன். சட்டம் போட்ட படத்துக்குக் காத்திருக்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

"எது?"

"வானவில் விஷயம்."

"அதுல எது? முழுசாச் சொல்லுங்க."

சொன்னேன். அதிபர் முன்னால் செய்த பகிடி, வகுப்பில் வருஷா வருஷம் சொன்னது, கடைத்தெருவில் பிள்ளைகள் கத்தியது எனக்குத் தெரியும் என்பது, அதற்குச் சிரித்தது, அவளைக் கூச்ச சுபாவம் என்று எல்லோரிடமும் சொன்னது. வாச்சர் நாகரிகமாகக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றான். அவள் அருவியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கடைத்தெரு விஷயம் உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது" என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"ம்." சால்வையின் நுனியை எடுத்தாள். "சரி, லென்ஸைத் தொடைங்க. மறுபடி ஈரமாயிருச்சு. விடிஞ்சா வில்லு போயிரும்."

அன்று பதினொரு படங்கள் எடுத்தோம். கடைசி நான்கை அவள்தான் எடுத்தாள். அவள் எடுத்ததில் ஒன்றுதான் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது. கமெராவின் பின்திரையில் அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா. பகல் வானவில்போலவே நிறங்கள்.

அவள் முகம் சுருங்கியது. "இது என்ன, கலரா இருக்கு? நான் பாத்தது இது இல்லங்க. நான் பாத்தது வெள்ளை."

"இருட்டுல நம்ம கண்ணுக்கு நிறம் தெரியாது. கமெரா முப்பது செக்கன் வெளிச்சத்தைச் சேத்து..." என்று தொடங்கினேன். வலது கை தானாகவே கரும்பலகையைத் தேடி மேலே போய்விட்டது. அதைக் கீழே இறக்கினேன். எதிரே அருவியில் வில் இன்னும் வெள்ளையாகத்தான் நின்றது. அன்று அதிபர் முன்னால் அவள் சொன்னதும் அதே வெள்ளைதான். நிறமில்லாத வானவில்லா என்று நான் சிரித்ததும் அதற்குத்தான்.

"நீ சொல்றது சரி. வெள்ளைதான்" என்றேன்.

அடுத்த வாரம் இருவரும் ஸ்டூடியோவுக்குப் போனோம். நானா கம்பியூட்டரில் படத்தைத் திறந்து துள்ளினார். "மாஷா அல்லாஹ்! சேர், என்னா கலரு! இத பெருசா அடிச்சு என் கண்ணாடி அலுமாரியில போடுறேன்."

"உங்களுக்கு ஒண்ணு அப்படியே அடிச்சுக்கங்க நானா. எங்களுக்குக் கலரை எடுத்துட்டுத் தாங்க."

"கலரை எடுக்கவா? கறுப்பு வெள்ளையாவா? நாலு போயா அலைஞ்சது கலருக்குத்தானே சேர்?"

"இல்ல. அவங்க பாத்த மாதிரி வேணும்."

நானா அவளைப் பார்த்தார். அவள் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் மங்கலாக்குங்க தம்பி. இல்ல, அவ்வளவு இல்ல. பாறை இன்னும் கறுப்பு" என்று ஒரு மணி நேரம் அவரை வேலை வாங்கினாள். அவர் மூன்று தடவை தேத்தண்ணீருக்கு ஆள் அனுப்பினார்.

படம் இப்போது எங்கள் முன்னறையில் இருக்கிறது. போன மாதம் என்னோடு படிப்பித்த ஒருவர் மனைவியோடு வந்தார். அன்று அதிபரோடு உட்கார்ந்து சிரித்தவர்களில் அவரும் ஒருவர். அதை அவர் மறந்துவிட்டார். சிரித்தவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

"இது என்ன படம் சேர்? அருவியில ஏதோ கோடு மாதிரி?" என்று என்னைக் கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் குசினி வாசலில் தட்டோடு நின்றாள். தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"எடுத்தவங்க இவங்கதான். இவங்களையே கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "அது வெள்ளை வில்லுங்க" என்று தொடங்கினாள். அப்பாவின் தோள், காமன் கூத்து, சேவல் கூவாத நேரம். நான் கேத்தலில் தண்ணீர் வைத்தேன். புதையல் கதைக்கு வந்தபோது முன்னறை அதிரச் சிரித்தார்கள். என் குரங்குத் தொப்பியைப் பற்றி அவள் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். நான் வெளியே போய்த் திருத்தவில்லை.

"ஏங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "அவருக்குச் சீனி போடாதீங்க, டயபெட்டிஸ். கேட்டுட்டுப் போடுங்க."

கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.